நான்காவது இடமும் ஒன்பதாவது இடமும்

ஒசாகாவின் உமேதா நிலையத்தில் ஹான்ஷின் ரயிலைப் பிடித்தால் கால்மணி நேரத்தில் கோஷியன். ஆகஸ்ட் மாதத்தில் அந்த ரயிலில் உட்கார இடம் எதிர்பார்க்கக் கூடாது. கழுத்தில் ஈரத்துண்டும் கையில் விசிறியுமாகக் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். நிலையத்துக்கு வெளியே வந்ததும் தலைக்கு மேல் விரைவுச் சாலைப் பாலம். அதைக் கடந்தால் சுவரெங்கும் கொடி படர்ந்த பேஸ்பால் மைதானம் நிற்கிறது. 1924 ஆகஸ்ட் 1 அன்று திறந்தது. ஏறத்தாழ நாற்பத்தேழாயிரம் பேர் உட்காரலாம். ஹான்ஷின் டைகர்ஸ் என்னும் தொழில்முறை அணியின் சொந்த வீடு இது. ஆனால் ஆகஸ்ட் வந்துவிட்டால் டைகர்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பிவிட வேண்டும். வீடு பள்ளிக்கூடப் பையன்களுக்குப் போய்விடும். நாடு முழுக்க வடிகட்டி வந்த பள்ளிகள் மோதும் கோடைப் போட்டி அப்போது நடக்கிறது.

நான் போனது 2025 கோடையில். கூட்டிப்போனவர் ஒசாகாவில் வேலைபார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர். கிரிக்கெட்டில் பிறந்து வளர்ந்து, ஜப்பானுக்கு வந்தபின் டைகர்ஸுக்கு அடிமையானவர். "வெயிலப் பத்திக் கவலப்படாதீங்க அண்ணாச்சி, நம்ம ஊரு மாதிரிதான்" என்றார். நம்ம ஊர் மாதிரி இல்லை. வெயில் ஒரு பங்கு என்றால் புழுக்கம் இரண்டு பங்கு. பிளாஸ்டிக் பையில் உடைத்த ஐஸைப் போட்டு ஒரு ஸ்ட்ராவும் செருகி விற்கிறார்கள். முதலில் பிடரியில் வைத்துக்கொள்வது, உருகியபின் உறிஞ்சிக் குடிப்பது. வாங்கிக்கொண்டு ஆல்ப்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் செங்குத்தான இருக்கைப் பகுதிக்கு ஏறினோம். பள்ளியின் பித்தளை வாத்தியக் குழு பக்கத்தில்தான். காது பிறகு இரவு வரை சரியாகக் கேட்கவில்லை.

சைரன் ஊதி ஆட்டம் தொடங்கியது. பேஸ்பால் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பந்து வீசுபவர் பிட்சர், மட்டை பிடிப்பவர் பேட்டர். ஒன்பது பேர் வரிசையாக மட்டை பிடிப்பார்கள், ஒன்பதாமவர் முடிந்ததும் மீண்டும் முதலாமவர். அந்த வரிசையில் நான்காவது இடம்தான் மரியாதையான இடம். முன்னால் போன மூவரில் யாராவது பேஸ் என்னும் நிறுத்தங்களில் நின்றுகொண்டிருந்தால், ஓங்கி அடித்து வீட்டுக்கு அழைத்து வருவது நான்காமவரின் பொறுப்பு. ஜப்பானியப் பள்ளிகளில் அணியின் தலைமைப் பிட்சர் முதுகில் 1 என்ற எண் இருக்கும். நாங்கள் பார்த்த ஆட்டத்தில் நான்காவதாக மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த பையனின் முதுகிலும் 1.

"அவன்தாம்லா பந்தும் வீசுறான்" என்றார் தம்பி. "இங்கன பள்ளிக்கூடத்துல நல்லா வீசுறவன்தான் நல்லாவும் அடிப்பான்."

பையன் வலப்பக்க இடைவெளியில் விளாசினான். மூச்சிரைக்க ஓடி, இரண்டாவது பேஸில் வயிற்றால் சறுக்கி விழுந்தான். கரிய மண் சட்டையெல்லாம் அப்பிக்கொண்டது. அடுத்த இருவரும் அவுட்டாக, அவன் உட்காரக்கூட நேரமில்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு பிட்சர் மேட்டுக்குத் திரும்பினான். அந்த இன்னிங்ஸில் அவன் வீசிய முதல் சில பந்துகள் கண்டபடி போயின. காரணம் எனக்கே புரிந்தது.

இங்கே இப்படி ஆடிவிட்டுப் போனவர்களின் பெயர்களைச் சொன்னால் ஜப்பானிய பேஸ்பால் வரலாற்றில் பாதி வந்துவிடும். 1957 வசந்தகாலப் போட்டியில் தன் பள்ளியைப் பிட்சராக நின்று கோப்பை வரை கொண்டுபோனவர் சதஹாரு ஓ. பின்னாளில் யோமியுரி ஜயண்ட்ஸ் அவரைப் பேட்டராக மாற்றியது. 868 ஹோம்ரன் (வேலி தாண்டும் அடி) அடித்துத்தான் ஓய்ந்தார். எண்பதுகளில் பி.எல். ககுயென் பள்ளியின் மசுமி குவாதா இந்த மைதானத்தில் 20 ஆட்டங்களைப் பிட்சராக வென்றார், கூடவே 6 ஹோம்ரனும் அடித்தார். 2012 வசந்தத்தில் வடக்கே இவாதே மாநிலத்திலிருந்து வந்த ஒரு நெட்டைப் பையன் இங்கே ஹோம்ரன் அடித்தான், பந்தும் வீசினான், ஆனால் முதல் ஆட்டத்திலேயே தோற்று ஊர் திரும்பினான். அவன் பெயர் ஷோஹெய் ஓதானி.

இந்த மரபுக்குத்தான் நான் போன மாதத்தில் ஓலை வந்தது. ஆகஸ்ட் 1 அன்று உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பு, 2026 முதல் பள்ளி ஆட்டங்களிலும் டி.எச். (டெசிக்னேட்டட் ஹிட்டர்) முறை வரும் என்று அறிவித்தது. பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவரை நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் அந்த விதி. மூன்றே நாளில், ஆகஸ்ட் 4 அன்று, தொழில்முறை ஆட்டத்தில் இதை அரை நூற்றாண்டாக மறுத்துவந்த சென்ட்ரல் லீகும் 2027 முதல் ஏற்பதாகச் சொல்லிவிட்டது. ஆக, கோடைக் கோஷியனில் எல்லாப் பிட்சரும் கட்டாயம் மட்டை பிடித்த கடைசி ஆண்டைத்தான் நான் ஐஸ் பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூட்டமைப்பின் காரணங்களைக் குறை சொல்ல முடியாது. வெயில் ஆண்டுக்காண்டு கொல்கிறது. 2023 முதல் ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் பையன்களை உள்ளே அழைத்துக் குளிரவைக்கிறார்கள். ஒரு பிட்சர் வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்ற வரம்பும் உண்டு. 1998-ல் யோகோஹாமா பள்ளியின் தைசுகே மத்சுசாகா 17 இன்னிங்ஸ் நின்று 250 பந்து வீசியதை வீரகாவியமாகச் சொன்ன நாடு, இன்று அதே கதையைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறது. பிட்சருக்கு ஓய்வு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பையனுக்கு வாய்ப்பு என்று இரண்டு நன்மை. சரிதான்.

தொழில்முறை ஆட்டத்துக்கு வேறு நியாயம், வேறு வரலாறு. அதைப் பார்க்க ஒசாகா நகருக்குள்ளேயே இருக்கும் க்யோசேரா டோமுக்குப் போனோம். வீட்டைப் பையன்களிடம் ஒப்படைத்த டைகர்ஸ், ஆகஸ்ட்டில் சில ஆட்டங்களை இங்கே ஆடுகிறது. இந்த டோம் பசிபிக் லீகைச் சேர்ந்த ஓரிக்ஸ் அணியின் வீடு. பசிபிக் லீக் 1975-லேயே டி.எச். முறைக்கு மாறிவிட்டது. அதனால் ஓரிக்ஸ் ஆடும் நாளில் இதே தரையில் பிட்சர் மட்டையைத் தொடுவதில்லை. சென்ட்ரல் லீகின் டைகர்ஸ் ஆடினால் பிட்சரும் மட்டை பிடிக்க வந்தே ஆக வேண்டும், வழக்கமாக ஒன்பதாவதாக. ஒரே கூரை, இரண்டு சட்டம். இந்த வேடிக்கை ஜப்பானியர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

குளிரூட்டிய அரங்கம், முதுகில் பீர்ப் பீப்பாயைச் சுமந்து படியேறும் பெண்கள், பந்துக்குப் பந்து பாட்டு. மூன்றாவது இன்னிங்ஸில் டைகர்ஸ் பிட்சர் மட்டையோடு வந்தபோது முதல் பேஸில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பிட்சர் மட்டையைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பந்தைச் செத்த மாதிரி தரையில் உருட்டினார். அவர் அவுட், முன்னால் நின்றவர் ஒரு பேஸ் முன்னேறினார். பண்ட் என்பார்கள். ஹோம்ரன் அடித்தவருக்குக் கிடைப்பதில் பாதிக் கைதட்டல் இதற்குக் கிடைத்தது.

ஐந்தாவது இன்னிங்ஸில் மறுபடி வந்தார். இந்த முறை முன்னேற்றிவிட யாரும் இல்லை, இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். பேட்டர் கட்டத்தின் வெளியோரமாக, பந்துக்கு எட்டாத தூரத்தில் நின்றார். மூன்று பந்து. மட்டை தோளை விட்டு இறங்கவே இல்லை. ஸ்ட்ரைக்அவுட். ஒருவர்கூடக் கூச்சலிடவில்லை. ஓடிக் களைக்க வேண்டாம், விரலில் அடி படவேண்டாம், வந்து பந்தை மட்டும் வீசு என்று அரங்கமே ஒப்புக்கொண்டது போலிருந்தது.

காசு கொடுத்து வந்த எனக்குக் கோபம் வந்தது. "கோடி கோடியாச் சம்பளம் வாங்குறவன், ஒரு தடவையாவது சுத்திப் பாக்க வேண்டாமா?" என்றேன்.

"சுத்துனா என்ன ஆகும்னு நெனைக்கீங்க? பந்து வர்ற வேகத்தப் பாருங்க அண்ணாச்சி" என்றார் தம்பி.

வேகம்தான் விஷயம். பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் பந்து அதைக் கடக்க 0.4 விநாடி சொச்சம். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, உருண்டை மட்டையின் சரியான இடத்தைப் பந்தில் சேர்க்க வேண்டும். இதைத் தினமும் செய்பவர்களே பத்தில் மூன்று முறை வென்றால் நட்சத்திரம். ஜப்பானில் தொடக்கப் பிட்சர் வாரத்துக்கு ஒரு முறைதான் களமிறங்குவார், ஆறேழு இன்னிங்ஸில் வெளியேறுவார். ஒரு சீசனில் அவர் மட்டை பிடிப்பது ஐம்பது அறுபது முறை வந்தால் அதிகம். முழுநேரப் பேட்டருக்கு அது ஐந்நூறைத் தாண்டும். பயிற்சி நேரமும் அப்படியே பிரிகிறது.

அமெரிக்காவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் பிட்சர்கள் வழக்கமாக மட்டை பிடித்த கடைசி ஆண்டு 2021. அந்த ஆண்டு மேஜர் லீக் முழுவதிலும் பிட்சர்களின் பேட்டிங் சராசரி .110, அதாவது ஆயிரத்துக்கு 110 ஹிட். எல்லோரையும் சேர்த்த சராசரி .244. பாப் பூல் என்ற பிட்சர் 1962 சீசனில் 70 முறை ஆடி ஒரு ஹிட்கூட இல்லாமல் முடித்தார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வெஸ் ஃபெரல் பிட்சராக இருந்தபடியே 37 ஹோம்ரன் அடித்தார். வாரன் ஸ்பான் 363 ஆட்டம் வென்றார், 363 ஹிட் அடித்தார். ஆனால் ஃபெரல் முப்பதுகளின் ஆள், ஸ்பான் அறுபதுகளில் ஓய்ந்தவர். பந்தின் வேகமும் வளைவும் கூடக்கூட, அதை அடிப்பதும் வீசுவதும் தனித்தனி ஆயுட்காலத் தொழில்களாகப் பிரிந்துவிட்டன.

கிரிக்கெட்டை வைத்து இதை அளக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பி.எஸ். சந்திரசேகர் டெஸ்டில் 242 விக்கெட் எடுத்து 167 ரன் மட்டுமே அடித்தவர், அவரை யாரும் குறைத்துப் பேசியதில்லை. மறுபக்கம் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரராக இருந்து பந்துவீச்சுக்கு வந்த நம் அஸ்வின் 6 டெஸ்ட் சதம் அடித்தார். ஆனால் கிரிக்கெட்டில் கடைசி ஆட்டக்காரருக்கும் ஒரு வேலை இருக்கிறது. காலை நீட்டி, மட்டையை நேராக வைத்து, அரைமணி நேரம் தடுத்து ஆடினால் தோல்வியே டிராவாகலாம். பேஸ்பாலில் தடுத்தாட இடமில்லை. மூன்று ஸ்ட்ரைக், போய்விட வேண்டும். நம் கடைசி ஆட்டக்காரரிடம் கேட்பதை அந்தப் பிட்சரிடம் கேட்பது நியாயமில்லை என்று ஆட்டம் முடிவதற்குள் எனக்குக் கோபம் தணிந்திருந்தது.

தணியக் காரணம் ஏழாவது இன்னிங்ஸும்தான். ஸ்கோர் சமம், டைகர்ஸ் பக்கம் இரண்டு பேர் பேஸில், அடுத்து வர வேண்டியவர் பிட்சர். அதுவரை எதிரணியை அடக்கி வைத்திருந்தவர் அவர்தான். அவரையே அனுப்பினால் இந்த வாய்ப்பு வீண். அவருக்குப் பதில் பின்ச் ஹிட்டரை அனுப்பினால், விதிப்படி பிட்சர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. மேலாளர் எழுந்து நடுவரிடம் போனதும் அரங்கமே எழுந்துவிட்டது. பின்ச் ஹிட்டர் வந்தார், உயரமாக அடித்தார், பிடிபட்டார். பிட்சரும் போனார், ரன்னும் வரவில்லை. தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். டி.எச். வந்தபின் இந்தத் தலைவலியே இருக்காது. இப்படி ஒரு கத்தி முனையை ஆட்டத்துக்குள் வைத்திருந்தது பிட்சரின் திறமை இல்லை, அவருடைய திறமையின்மை என்பதுதான் விசித்திரம். எல்லாப் பிட்சரும் நன்றாக அடித்திருந்தால் மேலாளருக்கு யோசிக்க என்ன இருந்திருக்கும்?

டி.எச். முதலில் வந்தது 1973-ல், மேஜர் லீகின் மற்றப் பிரிவான அமெரிக்கன் லீகில். ஏப்ரல் 6 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் நியூயார்க் யாங்கீஸின் ரான் ப்ளூம்பர்க் அந்தப் பெயரில் முதலில் மட்டை பிடித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று கோஷியனில் நடந்ததை டைகர்ஸ் ரசிகர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். தம்பியும் கோஷியன் அருங்காட்சியகத்தில் சுற்றும்போது அங்கேயே இருந்து பார்த்தவர் போலச் சொன்னார். டைகர்ஸின் இடக்கைப் பிட்சர் யுதாகா எனாத்சு, சுனிச்சி அணிக்கு எதிராகப் பத்து இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. டைகர்ஸும் ரன் எடுக்கவில்லை. பதினொன்றாவது இன்னிங்ஸையும் அப்படியே வீசி முடித்துவிட்டு, மட்டையை எடுத்துக்கொண்டு வந்து, தானே ஹோம்ரன் அடித்தார். 1-0. பிட்சர் மட்டை பிடிப்பது வீண் என்று உலகின் ஒரு பாதி முடிவுகட்டிய அதே ஆண்டில்.

இந்தக் கதையில் நானும் மயங்கினேன். ஆனால் ஓர் எனாத்சுவுக்காக ஆயிரம் முறை தோளில் மட்டையோடு நிற்பவரைப் பார்க்க வேண்டும். அடிபடும் ஆபத்தும் இருக்கிறது. தைவானின் சியென்-மிங் வாங், 2008-ல் யாங்கீஸுக்காக ஆடும்போது பேஸ்களைச் சுற்றி ஓடுகையில் பாதத்தைச் சிதைத்துக்கொண்டார், பழைய வாங் திரும்பி வரவே இல்லை. 2015-ல் செயின்ட் லூயிஸின் ஆடம் வெய்ன்ரைட் அடித்துவிட்டு ஓடத் தொடங்கியபோது குதிகால் தசைநாண் அறுந்தது. முதலாளி எந்தக் கணக்கைப் போடுவார் என்று சொல்லத் தேவையில்லை.

டோக்கியோ திரும்பும் வழியில் ஷிசுவோகாவில் இறங்கினேன். மிக விரைவான நொசோமி ரயில் அங்கே நிற்பதில்லை, ஹிகாரியிலும் சிலதான் நிற்கும், பார்த்து ஏற வேண்டும். பிறகு உள்ளூர் ரயிலில் குசானாகி மைதானம். வாசலில் இரண்டு சிலை, பேப் ரூத்தும் எய்ஜி சவாமுராவும். 1934 நவம்பர் 20 அன்று இங்கே 17 வயது சவாமுரா, அமெரிக்க நட்சத்திரங்களான ரூத்தையும் கெரிக்கையும் ஃபாக்ஸையும் கெரிங்கரையும் அடுத்தடுத்து ஸ்ட்ரைக்அவுட் செய்தார். கெரிக்கின் ஒரே ஹோம்ரனில் 1-0 என்று தோற்றார். பத்தாண்டில் போர் அவரைத் தின்றது. 1944-ல் அவர் போன கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பானின் சிறந்த பிட்சருக்கான விருது இன்று அவர் பெயரில்தான்.

எனக்கு அங்கே ரூத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பாஸ்டனில் அவர் பிட்சர். தன் மொத்த ஆட்ட வாழ்வில் 94 ஆட்டம் வென்றவர். 1918-ல் 13 ஆட்டம் வென்று 11 ஹோம்ரனும் அடித்தார். மறுவருடம் ஹோம்ரன் 29 ஆனதும், ஐந்து நாளைக்கு ஒருமுறை வீசுபவரைவிடத் தினமும் அடிப்பவர்தான் லாபம் என்று தெரிந்துபோனது. யாங்கீஸுக்குப் போனபின் அவர் பந்து வீசியது அபூர்வம். இரண்டையும் செய்யத் தெரிந்தவரையே ஒன்றை விடச் சொன்ன தொழில் இது. தெரியாதவரிடம் இரண்டாவதைக் கேட்டு என்ன பயன்?

அப்படியானால் ஓதானி எப்படி என்று கேட்கலாம். மேஜர் லீகில் 2022-ல் 15 ஆட்டம் வென்று 34 ஹோம்ரன் அடித்தார். 2025 அக்டோபர் 17 அன்று, நான் ஊர் திரும்பியபின், மில்வாக்கிக்கு எதிராக ஆறு இன்னிங்ஸில் ரன்னே கொடுக்காமல் 10 ஸ்ட்ரைக்அவுட், கூடவே 3 ஹோம்ரன். ஆனால் கவனியுங்கள், அவருக்கு வழிவிட்டது டி.எச். விதிதான். பந்து வீசாத நாளில் அவர் டி.எச். ஆக ஆடுகிறார். வீசும் நாளில் மேட்டை விட்டு இறங்கியபின்னும் பேட்டராகத் தொடரலாம் என்று 2022-ல் அவருக்காகவே விதியைத் திருத்தினார்கள். முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சையும் ஆகியிருக்கிறது. ஒன்பதாவது இடத்தில் கட்டாயத்துக்கு நிற்பவர்களிலிருந்து அவர் வரவில்லை. பள்ளியில் நான்காவது இடத்தில் ஆடிய பையன்களிலிருந்து வந்தவர். பிட்சர்களுக்குப் பேட்டிங்கே இல்லாத பசிபிக் லீகில் வளர்ந்த மத்சுசாகா, 2006-ல் கோஷியனுக்கு வந்து டைகர்ஸுக்கு எதிராக ஹோம்ரன் அடித்தாரே, அவரும் 1998-ல் தன் பள்ளியின் நான்காவது பேட்டர்தான்.

ஆகவே தொழில்முறைப் பிட்சர் நன்றாக மட்டை பிடிக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். சென்ட்ரல் லீக் செய்தது தாமதமான, சரியான முடிவு. பள்ளிக் கூட்டமைப்பின் முடிவில்தான் எனக்கு உறுத்தல். பதினைந்து வயதில் ஒருவனிடமிருந்து மட்டையை வாங்கி வைத்துவிட்டால், அவன் ஓ ஆகியிருப்பானா ஓதானி ஆகியிருப்பானா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. டி.எச். வைத்துக்கொள்ளலாம் என்றுதான் விதி சொல்கிறது, வைத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. பயிற்சியாளர்கள் அதை நினைவில் வைத்திருந்தால் போதும்.

நீங்கள் பார்க்க விரும்பினால், 2026 சீசன்தான் கடைசி. சென்ட்ரல் லீகின் ஆறு அணிகளும் டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரை ஒரே ஷின்கான்சென் வழித்தடத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆகஸ்ட்டில் மட்டும் டைகர்ஸைத் தேடிக் கோஷியனுக்குப் போகாதீர்கள், அங்கே பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.